மண்ணுள் மறைந்த மனைகளும் மண்மேல் நின்ற மனையும்
(உரையின் எழுத்து வடிவம்)



வீராம்பட்டினம் என்றதும் புதுவை மக்கள் நெஞ்சில் முதலில் எழுவது ஆடித் திங்களில் உருண்டுவரும் செங்கழுநீரம்மன் தேர். வரலாறு பயின்றோர்க்கு அதனுடன் நினைவில் எழுவது, அவ்வூரை அடுத்து அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் கிடக்கும் அரிக்கமேடு. அருகன்மேடு என்னும் பெயரே அரிக்கமேடு என மருவிற்று என்பாரும் உளர்.

1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அந்த மேட்டை அகழ்ந்தார். அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினரும் அகழ்ந்தனர். உரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள், இத்தாலிய நாட்டுச் செம்மட்கலங்கள், பல நிற மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியன கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கடல் கடந்து வாணிகம் செய்த ஊர் அது என்பது உலகுக்குப் புலனாயிற்று.

ஆயினும், அங்கு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வீடேனும் முழுமையாக அறியப்பட்டதா எனில், இல்லை. செங்கற் சுவர் இருந்த இடங்களிற் பல, செங்கல் பெயர்த்தெடுக்கப்பட்ட வெறும் பள்ளங்களாகவே அகழ்வாளர்க்குக் காட்சியளித்தன. பிற்காலத்தார் தம் கட்டடத் தேவைக்காக அவற்றைத் தோண்டி எடுத்துச் சென்றுவிட்டனர். இன்று மேட்டின்மேல் நிற்கும் சுவர்கள்கூடப் பண்டையவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் தங்கிய கட்டடத்தின் எச்சங்களே. அயல்நாட்டார் அருந்திய கிண்ணம் கிடைத்தது; அதை விற்ற வணிகனின் வாயிற்படி கிடைக்கவில்லை. கடல் கொண்டதையும் காலம் கொண்டதையும்விட, மனிதர் கைகள் கொண்டுபோனதே அங்கு மிகுதி எனத் தோன்றுகிறது.

இதற்கு மாறாக நின்ற ஒரு மனை, அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில், புதுச்சேரி நகருள் பெரிய அங்காடியின் அருகே உள்ளது. அதுவே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. அது நிற்கும் வீதியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1709-இல் பிறந்த பிள்ளை வணிகர். ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உரிமையாளர். ஆளுநர் துப்ளேக்சுக்குத் தலைமை துபாஷியாக விளங்கியவர். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கி, வாழ்நாளின் இறுதி வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்த நாள், துணியின் விலை, அவையில் நடந்த பேச்சு, ஊரில் உலவிய வதந்தி என எதையும் அவர் விடவில்லை.

அவர் மனை 1738-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என்பர். அதன் கீழ்த்தளம் தமிழ் மரபு. நடுவே முற்றம்; சுற்றிலும் வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளம் ஐரோப்பிய மரபு. அங்கு மரத்தூண்களுக்கு மாற்றாகச் சுதை பூசிய பருத்த வெண்தூண்கள் நிற்கின்றன. படி ஏறுவார் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்வது போன்ற உணர்வைப் பெறுவர். இரு மொழிக்கு இடையே நின்று வாழ்ந்தவரின் இயல்பை அவர் வீடே எடுத்துரைக்கிறது. அதிலும் அடித்தளமாக அமைந்தது தமிழ் முற்றமே என்பது எண்ணத்தக்கது.

1761-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் பிள்ளை மறைந்தார். நான்கு நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் ஆளுநர் மாளிகையும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அந்தப் பேரழிவிலும் பிள்ளையின் மனை எஞ்சியது. அவர் நாட்குறிப்பும் வழித்தோன்றல்களிடம் எஞ்சியது. 1846-இல் கலுவா மொம்பிரேன் அதனைக் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை அரசு அதனை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஒரு குடும்பம் பழைய ஏடுகளைக் குப்பை என்று எண்ணாமல் வைத்திருந்தமையால், தென்னாட்டு வரலாற்றில் கால் நூற்றாண்டு இருளில் மூழ்காமல் தப்பியது.

பகைவரின் பீரங்கிக்குத் தப்பிய மனைகள் இன்று எதனால் வீழ்கின்றன? இதுவே சிந்திக்க வேண்டிய வினா.

முதற் காரணம் பாகப்பிரிவினை. தாத்தா கட்டிய வீட்டில் பேரர் பன்னிருவர்க்குப் பங்கு உண்டு. ஓடு மாற்றும் செலவை ஏற்க ஒருவரும் இல்லை. முற்றத்தின் நடுவே சுவர் எழுகிறது. காற்றும் வெளிச்சமும் நின்றுபோகின்றன. பின்னர், 'வாழத் தகாத வீடு' என்று அவ்வீட்டின்மீதே பழி சுமத்தப்படுகிறது.

இரண்டாம் காரணம் அறியாமற் செய்யும் பழுதுபார்ப்பு. பழஞ்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. அச்சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். கடற்காற்றின் உப்பும் அதனோடு சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். நலம் என்று எண்ணிச் செய்ததே சுவருக்கு நோயாகிறது. மெட்ராஸ் டெரஸ் தளத்தில் மரச்சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கத் தெரிந்த கொத்தனார்களும் அருகி வருகின்றனர். வேலை இல்லையெனில் வித்தையும் இல்லை.

மீட்சிக்கும் சான்று உண்டு. புதுச்சேரியில் வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராய செட்டி வீதியில் திண்ணைகளும் தாழ்வாரங்களும் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அவ்வீதியின் வீடுகள் ஒன்றன் சுவரில் ஒன்று சாய்ந்து நிற்பவை. ஒன்று வீழ்ந்தால் வீதியின் ஒழுங்கே குலையும். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கிய திண்ணை, வீட்டார் பொருளாயினும் ஊரார்க்கும் பயன்பட்டது. தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பிறர்க்கு விட்டு வீடு கட்டிய அந்த மனப்பாங்கே மரத்தூண்களினும் உயர்ந்த மரபு.

பழைய மனை உடையோர் செய்யத்தக்கவை எளியனவே. இடிக்கும் முன் வீட்டை அளந்து வரைந்து, ஒளிப்படம் எடுத்து வைத்தல். உடன்பிறந்தார் கூடி ஆண்டுதோறும் பராமரிப்புக்கெனச் சிறு தொகை ஒதுக்குதல். மழைக்கு முன் ஓடும் தூம்பும் பார்த்தல். சுவரில் சிமெண்டு பூசும் முன் சுண்ணாம்பு வேலை அறிந்தவரைக் கேட்டல். பரணில் உள்ள கணக்கேட்டையும் கடிதத்தையும் படித்தறியாமல் எடைக்குப் போடாதிருத்தல்.

வீட்டைக் காப்பது உடைமைமேல் கொண்ட பற்று ஆகாது. கட்டியவர் போயினர், காப்பவரும் போவர், இடைப்பட்ட காலத்துக்கு அது கையடைப் பொருள். அரிக்கமேட்டின் வெறும் பள்ளங்களும் அரங்கப் பிள்ளையின் முற்றமும் சில கல் தொலைவே இடைவெளி உடையவை. இன்றைய வீடுகள் இவற்றுள் எதுவாக எஞ்சும் என்பது அவற்றில் வாழ்வோர் கையில் உள்ளது.