அம்மாவுக்கு எந்த லெப்டொப்?



கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு லெப்டொப் வாங்கித் தர ஆசைப்படுகிறார்கள். போனில் பேரப்பிள்ளையின் முகம் சரியாத் தெரியல்ல என்பது அம்மாவின் குறை. ஆனால் கண்டி டவுனுக்குப் போய் கடைக்காரர் காட்டியதைத் தூக்கி வந்தால், ஒரு மாதத்தில் அது அலுமாரிக்குள் போய்விடும். அதற்காக அடகு வைத்த தோடு கடையிலேயே கிடக்கும். இதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

முதலில் அம்மாவின் கையைப் பாருங்கள். முப்பது வருஷம் கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன விரலுக்கு, லெப்டொப்பில் விரலால் தடவும் அந்தப் பலகை சில நேரம் அசையவே மாட்டாது. கூடவே மவுஸ் ஒன்று வாங்குங்கள். 11 அங்குலத் திரை தூக்க லேசுதான். கண் மங்கியவருக்கு 14 அங்குலமே நல்லது என்போம். அவரையும் கடைக்குக் கூட்டிப்போய், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய மெஷின் மலிவு. ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஓடுமா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். அதற்குக் குறைந்தது 4 ஜீ.பி. ராம் வேண்டும், 8 இருந்தால் இழுபடாது.

இன்னொன்று. லெப்டொப்பில் வட்ஸ்அப் வைத்தாலும் போனை ஒதுக்க முடியாது. 14 நாளுக்கு மேல் போனில் அதைத் திறக்காவிட்டால் தொடர்பு அறுந்துபோகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தரம் திறக்கும்படி பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.