பிள்ளைக்கு ஓர் எண் மட்டும் போதுமா?

(தாராவியில் நடந்த நமது சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

"குழந்தைகள் நலப் பணியில் கம்ப்யூட்டர்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பத்தாவது தேறிய ரயில்வே குமாஸ்தா. கம்ப்யூட்டர் சாஸ்திரம் அறியேன். ஆனால் பிளாட்பாரத்தில் தாய் தகப்பனைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தை வைத்தே பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த நிலையத்தில், மாலைக் கூட்ட நேரம். ஆறு வயதிருக்கும் ஒரு பையன் தூணோரம் நிற்கிறான். காவலர் ஒருவர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, இந்தியிலே கேட்டார், மராத்தியிலே கேட்டார். பையன் வாய் திறக்கவில்லை. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, உன் வீடு எங்கேப்பா?" என்றேன். சட்டென்று பதில் வந்தது: "இட்லி ஆயா வீட்டுக்கு மேலே."

"எந்த இட்லி ஆயா?"

"சட்னி நெறைய ஊத்துமே, அந்த ஆயா. எதுத்தாப்ல மாவு மில்லு."

தாராவித் தோழர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் இட்லிக்கு மாவாட்டும் பெண்களிடம் போய் விசாரித்தார். இரண்டு மணி நேரத்துக்குள் தகப்பன் ஓடி வந்து நின்றான். போலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை அழைத்துப் போனான்.

தோழர்களே, பெயர், தகப்பன் பெயர், முகவரி, பின்கோடு என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இருக்கிறது. "இட்லி ஆயா வீட்டுக்கு மேலே" என்பதை எழுத எந்தக் கட்டம் இருக்கிறது?

செம்பூர்ப் பக்கம் பிறந்த எண்

1098 என்ற எண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிறந்தது வேறெங்கும் அல்ல, நம் செம்பூரை அடுத்த தேவ்னாரில். அங்குள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பிலிமோரியா அம்மையார், ரயில் நிலையங்களில் வாழ்ந்த பிள்ளைகளிடம் தம் வீட்டுப் போன் எண்ணைக் கொடுத்திருந்தார். இரவு பகல் பாராமல் பிள்ளைகள் அழைத்தார்கள். ஒருவர் வீட்டுப் போன் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? அதிலிருந்து 1996ல் "சைல்டுலைன்" பிறந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணினால் எண் நினைவில் நின்றுவிடும். தெருவிலே வளர்ந்த இளைஞர்களே போனை எடுத்தார்கள். அவர்களே பிள்ளை இருக்கும் இடத்துக்கும் போனார்கள். பசி என்றால் என்ன, போலீஸ் பயம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பம்பாயில் முளைத்த அந்தச் செடி 568 மாவட்டங்களில் படர்ந்தது. சுமார் 135 ரயில் நிலையங்களில் குழந்தைகள் உதவி மேசை வந்தது. அந்தந்த ஊர்த் தொண்டு நிறுவனம் எடுத்த அழைப்புகள் பிற்காலத்தில் பெரிய கால் சென்டர்களுக்குப் போயின. 2023ல் மத்திய அரசு இந்தப் பணியைத் தன் திட்டத்தின் கீழ் எடுத்துக்கொண்டு, 112 என்ற அவசர எண்ணோடு கம்ப்யூட்டர் வழியாக இணைத்தது. இன்று அழைப்பு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போகிறது.

இதிலே நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். போலீசும் ஆம்புலன்சும் விரைந்து வரலாம். ஓர் ஊர்ப் பதிவை இன்னோர் ஊரில் பார்க்கலாம். ஜபல்பூரில் காணாமற்போன ஒரு பையன் பத்து வருடம் நாக்பூரில் வளர்ந்து, 2021ல் ஆதார் கைரேகையால்தான் பெற்றோரை அடைந்தான். இயந்திரம் செய்த நல்ல காரியத்தை இல்லையென்று மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் வீட்டிலே அடி வாங்கி ஓடிவந்த பிள்ளை, வேலைக்கு வைத்தவனிடம் சூடு பட்ட பிள்ளை, போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே போனை வைத்துவிடும். அதனால்தான் 112 இணைப்பைப் பற்றிக் குழந்தைகளுக்காக உழைப்பவர்கள் கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலை நியாயமானது.

போன் யார் கையில்?

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். அன்று மஞ்சள் பலகை போட்ட பி.சி.ஓ. கடை முனைக்கு முனை இருந்தது. காசில்லாத பிள்ளையும் 1098ஐ அழைக்கலாம். கடைக்காரர் விரட்டினால் அடுத்த கடை இருந்தது. இன்று அந்தக் கடைகள் எங்கே? ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. தெருவுக்குப் பொதுவான போன் போய்விட்டது. உள்ள போனும் பெரியவர்கள் பையிலே, பூட்டுப் போட்டு இருக்கிறது. கையிலே போன் இல்லாத பிள்ளைக்கு எண் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? ஆகவே அந்த எண்ணை அழுத்த வேண்டியவர்கள் நாம்தான். இது கருணை மட்டுமல்ல, சட்டமும்கூட. தொலைந்த பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். பிள்ளை வீடு சேர்ந்து வருடம் இரண்டான பிறகும் அந்தப் படம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. நாளை அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கோ வேலைக்கோ போகும்போது, யாரோ ஒருவன் அதை எடுத்துக் காட்டினால் அவள் மனம் என்ன பாடுபடும்? படத்தைப் பரப்பாதீர்கள். 1098ஐ அழையுங்கள். போலீஸ் வரும்வரை பிள்ளையோடு நில்லுங்கள்.

தாய்மார்களே, இன்றிரவே பிள்ளைக்கு உங்கள் போன் எண்ணைப் பாட்டுப்போலச் சொல்லிக் கொடுங்கள். வீடு இருக்கும் நகர், சால் பெயரை இந்தியிலும் சொல்லப் பழக்குங்கள்.

தோழர்களே, சங்கத்துக்கு ஒரு யோசனை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஒவ்வொன்றிலும் தமிழும் இந்தியும் பேசும் இரண்டு பேர் முன்வரட்டும். அவர்கள் பெயரை மாவட்ட அலகிடமும், தாதர், குர்லா நிலையங்களிலும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். கட்டுப்பாட்டு அறையில் தமிழ் பேசத் தெரிந்தவர் எந்நேரமும் இருக்க வேண்டும், அழைப்பு வந்தால் பிள்ளையிடம் நடந்து போக ஆள் வேண்டும் என்று அரசைக் கேட்போம். அது நம் உரிமை. நாம் கட்டும் வரியில்தான் அந்தக் கம்ப்யூட்டரும் ஓடுகிறது.

அந்தப் பையனின் இட்லி ஆயாவைக் கண்டுபிடித்தது மாவாட்டும் பெண்கள். அவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டு முடிக்கிறேன்.