மாலை போட்ட மூன்றாம் நாள்



கார்த்திகை பிறந்தால் நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் பலர். முதல் நாள் ராத்திரி வரை குடித்தவர்கூட, விடியற்காலையில் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, ‘சாமி’ ஆகிவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சிலருக்கு இரண்டாம் நாளே கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது, வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. மூன்றாம் நாள், சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றுவார். விரதத்தில் குறை என்பார் ஒருவர், காத்து கருப்பு என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. தினமும் குடித்துப் பழகிய மூளை, மது திடீரென்று நின்றதால் படும் பாடு அது.

கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் இருக்கும் மீனவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். படகில் ஒரு பக்கம் பாரம் ஏறினால், கவிழாமல் இருக்க மறுபக்கம் பாரம் வைப்போம் இல்லையா? மது மூளையை மந்தமாக்கும் பாரம். அது தினமும் ஏறுவதால், மூளை தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளும் ரசாயனங்களை மறுபக்கம் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் கட்டிங்கில் ஏறிய போதைக்கு இன்று குவாட்டர் தேவைப்படுவது அதனால்தான். மதுவை மட்டும் ஒரே நாளில் இறக்கினால் படகு மறுபக்கம் சாயும். நிறுத்திய முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் அந்தப் பிதற்றல் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

குவாட்டர் என்றதும் ஒரு கணக்கு. 180 மில்லியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை விரட்டாது. இரவு 9 மணிக்குக் குடித்தவர் விடியற்காலை 3 மணிக்குப் படகைத் தள்ளும்போதும் அவர் ரத்தத்தில் மது மிச்சமிருக்கலாம்.

குடிக்க இங்கே வழியும் சுலபம். நம் காரைக்கால் மாவட்டம் மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த துண்டு நிலம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே கள்ளுக்கடை, சாராயக்கடை இரண்டும் ஏலம் எடுத்துச் சட்டப்படி நடக்கின்றன. விலையும் குறைவு. வாஞ்சூர் எல்லையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிப்பவரிடம் ‘மனசு வெச்சா விட்டுடலாம்’ என்கிறோம். மனசு வேண்டும்தான். ஆனால் முதல் ஒரு வாரம் மனசின் வேலை அல்ல, மருத்துவரின் வேலை. மறுபக்கப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார்கள். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின். சாப்பாட்டைத் தள்ளிக் குடிப்பவர்கள், சாப்பிட்டாலும் தீட்டிய அரிசிச் சோறு மட்டும் சாப்பிடுபவர்கள், இவர்கள் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். ‘சோர்வா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்பது நம் பழக்கம். தயமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் சிலருக்கு மூளையே பாதிக்கப்படலாம். எனவே இவர் குடிப்பவர் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கௌரவம் அப்புறம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரை. டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது வேலி. தெரியாமல் தின்றவருக்கு அதே மருந்து எமன் ஆகலாம்.

மது போலன்றி, கஞ்சாவை விட்டால் வலிப்பு வராது. தூக்கமின்மையும் எரிச்சலும் சில வாரம் படுத்தும். ஹெராயின், போதை தரும் வலிமாத்திரை வகை வேறு கதை. விட்டவுடன் உடம்பெல்லாம் முறித்துப் போடும், ஆனாலும் பெரும்பாலும் உயிர் போகாது. சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுக்கும்போதுதான் மூச்சு நிற்கிறது. போலீஸுக்குப் பயந்து சிகிச்சைக்கு வராதவர்களுக்கு ஒரு செய்தி: தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புக்கு வழி வைத்திருக்கிறது.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரும் மாலையையோ நேர்த்திக்கடனையோ நம்பியிருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். சிகிச்சையின் பெரிய பகுதியே அந்தச் சாயங்காலத்துக்காகத்தான். ஆலோசகர் குடிப்பவரிடம் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்பார்: கூலி வாங்கினால் பணம் யார் கையில்? எந்த ரோடு வழியாக வீட்டுக்குப் போகிறீர்கள்? கூட யார் வருவார்? குடி ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் உண்டு. நடுவில் ஒருமுறை சறுக்கினால் ‘இவன் தேற மாட்டான்’ என்று கைகழுவாமல் மறுபடி அழைத்துப் போங்கள். சர்க்கரை நோயாளிக்கு அளவு ஏறினால் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறோமா என்ன?

போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446. குடிப்பவரே பேச வேண்டும் என்றில்லை. மனைவி பேசலாம், மகள் பேசலாம்.