ஒரு நத்தையின் மரணம்



2019 சனவரி 1, இறைவனின் தாய் மரியாவின் பெருவிழா அன்று, ஹவாய்த் தீவுகளில் ஜார்ஜ் என்ற மரநத்தை இறந்தது. வயது 14. அதன் இனத்தில் அதுவே கடைசி. 1997இல் ஓவாகு தீவுக் காட்டில் மிஞ்சிய பத்து நத்தைகளை ஆய்வகத்தில் வைத்துக் காக்கப் பார்த்தார்கள். அங்கே பிறந்தது ஜார்ஜ். மற்றவை ஒவ்வொன்றாக மடிந்தன. ஆணும் பெண்ணும் ஓருடலில் உள்ள உயிர்தான். ஆனாலும் குட்டி ஈனத் துணை வேண்டும். நோவாவின் பேழையில் சோடி சோடியாக ஏறினவே, இதற்குச் சோடி இல்லை.

நம் தோட்டத்து நத்தையை நினைத்து முகம் சுளிக்காதீர்கள். இது இலையைக் கடிக்காது, இலைமேல் படரும் பூஞ்சையைத்தான் சுரண்டித் தின்னும்.

பிறகு எப்படி அழிந்தது? ஆப்பிரிக்கப் பெருநத்தை அங்கே பயிரைத் தின்றது. அதை ஒழிக்க, நத்தைகளையே வேட்டையாடும் இன்னொரு நத்தையை 1955இல் ஃபுளோரிடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது மரநத்தைகளையும் தேடித் தின்றது. எலிகளும் சேர்ந்துகொண்டன, காடும் குறைந்தது.

கொண்டுவந்தவர்கள் தீயவர்கள் அல்லர். விவசாயிக்கு உதவ நினைத்தவர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. 'நல்லதுக்குத்தானே செய்தேன்' என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமலே நாம் விட்டவை எத்தனை! நானும் விட்டிருக்கிறேன்.

நம்மால் அழியும் இனங்கள் தம் இருப்பால் இறைவனைப் புகழ்வது நின்றுபோகிறதே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வருந்துகிறார்.

ஓவாகுவில் மிஞ்சியுள்ள மற்ற மரநத்தைகளுக்கு, அந்த வேட்டை நத்தை ஏறாதபடி செப்புவலையும் மின்கம்பியும் பொருத்திய வேலி கட்டிக் காவல் காக்கிறார்கள்.