அறுவடை இயந்திரமும் அடுத்த பயிரும்

(நீடாமங்கலத்தில் நடைபெற்ற உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நவீனத் தொழில்நுட்பத்தையும் இயற்கையோடு இயைந்த முறைகளையும் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். இது பெரிய தலைப்பு. நான் இதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். புதிய கருவி ஒன்று நம் வயலுக்குள் இறங்கும்போது, வயலை விட்டு எது வெளியே போகிறது?

மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் வாழ்கின்ற உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வெண்ணாறு அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கதவைத் தூக்கினால் மறுபக்கம் தண்ணீர் இறங்கும். வயலும் அப்படித்தான். ஒரு வேலையை எளிதாக்கினால் அதன் விளைவு வேறோர் இடத்தில் தெரியும். அந்த இடத்தைப் பார்த்துச் சரி செய்து கொள்கிறவருக்குக் கருவி நண்பன். பாராதவருக்கு அதுவே செலவு.

தை மாத உளுந்து

நம் பகுதியில் சம்பாவும் தாளடியும் அறுவடையானதும் நிலம் சும்மா கிடந்ததில்லை. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையோ பச்சைப் பயறையோ வீசி விதைத்து விடுவது நம் முன்னோர் கண்ட முறை. உழவு இல்லை, பாசனம் இல்லை. களிமண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் தை, மாசிப் பனியிலுமே பயிர் எழும்பி விடும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆடுதுறை 3 உளுந்து இந்த நெல் தரிசுக்கென்றே உருவான இரகம். 70 முதல் 75 நாட்களில் அறுவடைக்கு வந்து விடும்.

இந்தப் பயிர் நமக்கு மூன்று விதத்தில் உதவியது. முதலாவது வருமானம். 2025-26 ஆம் பருவத்திற்கு மத்திய அரசு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு குவிண்டால் கண்டால் 15,600 ரூபாய். இரண்டாவது மண் வளம். பயறு வேரில் உள்ள முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குப் பிடித்துத் தருகிறது. அதன் மிச்சம் வேரோடும் இலைச் சருகோடும் மண்ணில் சேர்கிறது. மூன்றாவது வேலை. நெல் அறுவடை இயந்திரத்துக்குப் போய் விட்ட இந்நாளில், உளுந்துச் செடி பறிப்பதும் அடித்துத் தூற்றுவதும் கூலிக்குப் போகும் தாய்மார்களுக்குப் பங்குனி, சித்திரையில் கிடைக்கும் வேலையாகும்.

இயந்திரம் செய்த மாற்றம்

ஆள் பற்றாக்குறையினால் அறுவடை இயந்திரம் வந்தது. அது வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். முற்றிய கதிர் மழையில் சாய்ந்து கிடக்க, அறுக்க ஆளில்லாமல் தவித்த ஆண்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இயந்திரம் வந்த பின்பு பல வயல்களில் உளுந்து காணாமற் போயிற்று.

என் தவறு ஒன்றையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரிடம், அறுவடைக்குப் பத்து நாள் முன்பாக உளுந்து விதையுங்கள் என்று பரிந்துரைத்தேன். அவரும் அப்படியே விதைத்தார். விதை நன்றாக முளைத்து, இரண்டு இலை விட்டு நின்ற சமயத்தில் இயந்திரம் வந்தது. சக்கரம் ஏறிய இடமெல்லாம் கன்றுகள் நசுங்கின. மீதி இடத்தில் வைக்கோல் வரிசையாக விழுந்து மூடிக் கொண்டது. நான் போய்ப் பார்த்த போது அவர் கோபிக்கவில்லை. "ஒங்க புஸ்தகத்துல மிசினு வரலீங்களே ஐயா" என்றார். அவர் சொன்னது சரி. பத்து நாள் என்பது அரிவாள் அறுவடைக்குச் சொன்ன கணக்கு. அறுக்கிற முறை மாறியதும் விதைக்கிற நாளும் மாறியிருக்க வேண்டும்.

இயந்திர அறுவடைக்கு ஏற்ற விதைப்பு

இரண்டையும் சேர்த்து நடத்த நாம் செய்ய வேண்டியவை இவை:

1. நாளைக் கணக்கிடுங்கள். நெல் தரிசுப் பயறு விதைக்க ஏற்ற காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. அதற்கு மேல் போனால் ஈரமும் பனியும் குறைந்து, பயிர் பூக்கும் சமயத்தில் வெயில் ஏறி விடும். ஆகவே உளுந்துக்கான திட்டம் நெல் இரகத்தைத் தேர்ந்தெடுக்கும் போதே தொடங்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக 2024 இல் ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் நீண்ட கால நெல்லைக் காலந்தாழ்த்தி விதைத்தால் உளுந்துக்கு இடமிருக்காது. வயது குறைந்த இரகத்திற்கு மாற வேண்டும்.

2. ஈரத்தைப் பாருங்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் அடிச்சுவடு பதிய வேண்டும். சுவட்டில் நீர் ஊறக் கூடாது. நீர் நின்றால் விதை அழுகும். காய்ந்து விட்டால் முளைக்காது. இயந்திரம் இறங்க வேண்டுமே என்று வயலை முன்னதாகவே வெடிக்கக் காய விடுவதுதான் இன்று நடக்கும் பெரிய தவறு. டயர் வண்டிக்குக் காய்ந்த நிலம் தேவை. பெல்ட் வண்டி தன் பாரத்தைப் பரப்பி ஓடுவதால் ஓரளவு ஈரத்திலும் இறங்கும், பள்ளமும் குறைவு. உளுந்து போடுகிறவர்கள் பெல்ட் வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

3. விதைப்பைத் தள்ளிப் போடுங்கள். இயந்திரம் வரும் நாளுக்கு முந்தின நாளோ, அன்று காலையிலோ விதையுங்கள். முளைத்த கன்று பெல்ட்டுக்கு அடியில் நசுங்கும். முளைக்காத விதையோ மண்ணில் அமுங்கிக் கொள்ளும். சேதத்தை ஈடு செய்ய ஏக்கருக்கு 12 கிலோ விதை தேவை.

4. விதை நேர்த்தியை விட்டு விடாதீர்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வையுங்கள். பிறகு ஏக்கருக்கான விதையுடன் ஒரு பொட்டலம், அதாவது 200 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். இரசாயனப் பூசண மருந்தையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

5. வண்டிக்கு வழி வகுத்துக் கொடுங்கள். நெல் ஏற்றும் டிராக்டர் வயலுக்குள் வரவேண்டாம், வரப்போரம் நிற்கட்டும். வண்டி திரும்பும் தலைமாட்டில் மட்டும் மறுநாள் கொஞ்சம் விதையைத் தூவி விடுங்கள்.

6. வைக்கோலைக் குவியலாகக் கிடக்க விடாதீர்கள். இரண்டொரு நாளில் கட்டி எடுக்க வேண்டும் அல்லது மெல்லியதாகப் பரப்பி விட வேண்டும். மெல்லிய பரப்பு ஈரத்தைக் காக்கும்; வரிசைக் குவியல் கன்றை மூச்சு முட்டச் செய்யும். கொளுத்துவது எந்த நிலையிலும் கூடாது.

இவற்றில் மூன்றாவதுதான் கடினம். வண்டி என்றைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு மா, இரண்டு மா என்று தனித்தனியாகக் கூப்பிட்டால் வண்டிக்காரர் சொல்கிற நாள்தான். ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே இரகத்தை ஒரே வாரத்தில் நட்டு, சேர்ந்து வண்டியைப் பேசினால் நாள் உங்கள் கையில் இருக்கும். இந்தத் தொழில்நுட்பத்திற்குக் காசு செலவில்லை. பேச்சு ஒற்றுமைதான் வேண்டும்.

பூக்கும் போது

பூ எடுக்கும் சமயத்திலும் அதிலிருந்து 15 நாட்கள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை 10 லிட்டர் நீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிக் கைத்தெளிப்பானால் மாலையில் தெளிக்க வேண்டும்.

இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்தில் முடித்து விடுகிறது. இளைஞர்கள் கற்றுக் கொள்ள வேண்டிய தொழில்தான். ஆனால் ட்ரோன் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் நீரைத்தான் எடுத்துச் செல்லும். 200 லிட்டருக்குச் சொன்ன உர அளவை அப்படியே 10 லிட்டரில் போட்டால் இலை கருகும். ட்ரோனுக்குரிய அளவை வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுக் கொண்டு பயன்படுத்துங்கள்.

மஞ்சள் தேமல் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி எறியுங்கள். வெள்ளை ஈ அந்த நோயைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. தேமலைத் தாங்கி வளரும் இரகங்களை வம்பன் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் வெளியிட்டுள்ளது. நம் பருவத்திற்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

சிலந்தியும் தெளிப்பானும்

நெல்லிலும் இதே பாடந்தான். புகையான் என்றதும் நமக்கு நடுக்கம் வருகிறது. நேற்றுப் பச்சையாக நின்ற பயிர் இன்று வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். பயத்தில் கைக்குக் கிடைத்த மருந்தை அடிக்கிறோம். புகையான் தண்டின் அடியில் இருக்கிறது. மருந்து மேலே விழுகிறது. புகையானைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப் பூச்சியும் முதலில் சாகின்றன. காவல் போன வயலில் புகையான் முன்னிலும் பெருகுகிறது. சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகள் இதற்குப் பேர் போனவை.

இந்தோனேசியா பட்டுத் தெரிந்து கொண்டது. புகையான் சேதம் முற்றிய பின்பு, 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்து, விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சிகளை இனங்காணப் பயிற்சி அளித்தது.

நாம் செய்ய வேண்டியது எண்ணிப் பார்ப்பது. குத்தை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் கிளைக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பாதை விட்டு நடுங்கள். காற்றும் வெளிச்சமும் அடித்தண்டை எட்டும். பூச்சி கண்டவுடன் நீரை வடியுங்கள். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். அதன் பின்னும் மருந்து தேவையென்றால், பரிந்துரைத்த மருந்தை அடித்தண்டில் படும்படி அடியுங்கள். தெளிப்பானும் நவீனக் கருவிதான். எப்போது அதைத் தோளில் மாட்டுவது என்று சிலந்தியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு மா போதும்

பெருமக்களே, இயந்திரம் வேண்டுமா, இயற்கை வேண்டுமா என்று மேடையில் சண்டை போடலாம். வயலில் அதற்கு நேரமில்லை. நம் பிள்ளைகள் அரிவாளைத் தொடப் போவதில்லை. அதே போல், உரத்தை மட்டும் நம்பி மண்ணை நெடுநாள் ஓட்டவும் முடியாது. இந்தியா இன்றும் உளுந்தை மியான்மரிலிருந்து, நாம் பர்மா என்று சொல்லிப் பழகிய நாட்டிலிருந்து, கப்பலில் வரவழைக்கிறது. நம் களிமண்ணில் ஈரம் வீணே வெடித்துப் போகிறது.

நான் சொன்னதை முழு நிலத்திலும் செய்ய வேண்டாம். வருகிற தையில் ஒரு மா நிலத்தை ஒதுக்குங்கள். இயந்திரத்திற்கு முந்தின நாள் அதில் உளுந்தை வீசுங்கள். இருபதாம் நாள் ஒரு சதுர மீட்டரில் எத்தனைச் செடி நிற்கிறது என்று எண்ணி எழுதி வைத்துக் கொண்டு, அந்தக் கணக்கோடு எங்களிடம் வாருங்கள். குறைவாக நின்றால் ஏன் என்று சேர்ந்து ஆராய்வோம். அந்தப் பெரியவர் சொன்னது போல எங்கள் புத்தகத்தில் இல்லாதது உங்கள் வயலில் இருக்கலாம். அதையும் எழுதிச் சேர்த்துக் கொள்வோம்.