கணக்கில் விடுபட்ட கூலி

(ராசிங்காபுரத்தில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன மாதம் நம் தெருவுக்கு இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். வீட்டில் காஸ் உண்டா, கக்கூஸ் உண்டா, பாங்கிக் கணக்கு உண்டா என்று கேட்டு, கையிலிருந்த டேப்பில் தட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போனபின் ஒரு தாயார் நம்மிடம் வந்து, "தோழர், இவங்க யாரு? உள்ளதைச் சொன்னா ரேஷன் கார்டைப் பிடுங்கிருவாங்களா?" என்று கேட்டார். அன்று நாம் சொன்ன பதில் அரைகுறை. இன்று முழுதாகச் சொல்ல வந்திருக்கிறோம்.

சர்க்காருக்கு யோசனை சொல்வதையே வேலையாகக் கொண்ட ஸ்தாபனங்கள் இந்த நாட்டில் பல உண்டு. சில சர்க்காருடையவை. சில பெரிய முதலாளிகளின் பணத்தில் நடப்பவை. சில ஆராய்ச்சியாளர்கள் கூடி நடத்துபவை. அங்கே உட்கார்ந்து எழுதும் பத்துப் பக்கம் டெல்லியில் சட்டமாகிறது. நம் வீட்டு உலையில் அரிசியாகவோ, வெறும் தண்ணீராகவோ வந்து சேர்கிறது.

இவற்றில் பெரியது நிதி ஆயோக். 1950 மார்ச்சில் அமைத்த திட்டக் கமிஷனை ஒழித்துவிட்டு, 2015 ஜனவரி 1-ல் இதை ஏற்படுத்தினார்கள். பிரதம மந்திரிதான் தலைவர். திட்டக் கமிஷன் ராஜ்யங்களுக்குத் திட்டப் பணம் ஒதுக்கியது; இதற்கு அந்த வேலை இல்லை. யோசனை சொல்வதும், ராஜ்யங்களுக்கு மார்க் போடுவதும் இதன் வேலை. 2024 ஜனவரியில் இது ஓர் அறிக்கை விட்டது. 2013-14 முதல் 2022-23 முடிய 9 வருஷத்தில் 24.82 கோடிப் பேர் 'பல பரிமாண வறுமை'யிலிருந்து மீண்டுவிட்டார்களாம்!

எதை அளந்தார்கள்? சத்துணவு, குழந்தை மரணம், தாய் நலம், படித்த வருஷம், பள்ளி செல்வது, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, சாமான், பாங்கிக் கணக்கு. ஆக 12. இந்தப் பன்னிரண்டில் கூலி இல்லை. வேலை நாள் இல்லை. கடன் இல்லை. நிலமும் இல்லை! அதுவும், 2022-23-ல் வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கா என்றால் அதுவும் இல்லை. அப்போது கையில் இருந்த கடைசிக் குடும்ப நல சர்வே 2019-21-ல் எடுத்தது. அதுவரை குறைந்த வேகத்தில் மேலும் குறைந்திருக்கும் என்று நீட்டிப் போட்ட கணக்கு.

காஸும் கரண்டும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தெருக்குழாய்க்கும் கரண்டுக்கும் மனு எழுதி எழுதி விரல் தேய்ந்தவர்கள் நாம். ஆனால் யோசியுங்கள். நம் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் இறங்குகிறார்கள். காய் இல்லாத மாதத்தில் வட்டிக்கு வாங்குகிறார்கள். வாரத் தவணைக்காரன் வாசலில் நிற்கிறான். அந்த வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, பாங்கிப் புத்தகம் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு கட்டத்திலும் குறையில்லை என்று டிக் விழும். தவணைக்காரனுக்குக் கட்டமே இல்லை!

போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்று அன்றைக்கே உலகத்துக்குத் தெரிந்துவிடும். காயைப் பறித்தவளுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது? அதை எந்தத் திரையில் பார்ப்பது?

இதைக் கேட்டுவிட்டு, கணக்கெடுப்பவர் எல்லாரும் விரோதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் முதுகெலும்புள்ளவர்கள் உண்டு. 2017-18 வேலை நிலவர சர்வேயை தேசியப் புள்ளிவிவரக் கமிஷன் ஏற்றுக்கொண்ட பிறகும் சர்க்கார் வெளியிடாமல் வைத்திருந்தது. கமிஷனின் தற்காலிகத் தலைவர் பி.சி. மோகனனும், உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்து மே 31-ல்தான் அறிக்கை வெளிவந்தது: வேலையின்மை 6.1 சதவிகிதம். அதே வருஷம் நவம்பரில், குடும்பச் செலவு பற்றிய இன்னொரு சர்வேயை, தரம் சரியில்லையென்று சொல்லி வெளியிடாமலே விட்டுவிட்டார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்திலே ஒரு சங்கதி. கம்பம் பள்ளத்தாக்கில் கோகிலாபுரம் தெரியுமல்லவா? 1977-ல் வி.கே. ராமச்சந்திரன் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஊருக்கு வந்தார். அவர் கேட்ட கேள்வியே வேறு. நிலம் யாரிடம், கூலி என்ன, எத்தனை நாள் வேலை, பண்ணையாள் எதனால் கட்டுண்டு கிடக்கிறான் என்று கேட்டார். 1990-ல் அது புத்தகமாக வந்தது. 1999-ல் மதுரா சுவாமிநாதன், விகாஸ் ராவல் ஆகியோரும் சேர்ந்து அதே ஊரில் மறுபடி ஆராய்ந்து, கூலிப் பெண்களின் நிலை 22 வருஷத்தில் என்னவாயிற்று என்று எழுதினார்கள். ராமச்சந்திரன் பின்னாளில், 2016 முதல் 2021 வரை, கேரளத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தார். கோகிலாபுரத்து வரப்பில் நின்று கேட்டவர் திட்டம் போடும் மேஜைக்குப் போனார். கேள்வியை யார் தயாரிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தத் தாயாருக்கு இப்போது பதில். சர்க்கார் சர்வேயில் சொன்ன தனி ஆள் விவரத்தை வெளியே விடக்கூடாது என்று 2008-ஆம் வருஷத்துப் புள்ளிவிவரச் சட்டம் சொல்கிறது. பயப்பட வேண்டாம். ஆனால் வருகிறவரிடம் நீங்களும் கேளுங்கள்: எந்த ஸ்தாபனம்? பணம் யாருடையது? எழுதியதை இந்த ஊருக்கு வந்து தமிழில் படித்துக் காட்டுவீர்களா? காகிதத்தில் கடனுக்கு இடம் இல்லையென்றாலும் கடனைச் சொல்லுங்கள். ஓரத்திலாவது எழுதச் சொல்லுங்கள். கடன் வாங்கியதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம்மிடமும் குறை உண்டு, மறைக்கமாட்டோம். ஜீப் பிரயாணம் பற்றி மனுக் கொண்டுபோனபோது அதிகாரி ஒருவர், "உங்கள் ஊரிலிருந்து தினம் எத்தனை பேர் மலையேறுகிறார்கள்?" என்று கேட்டார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனை வருஷம் சங்கம் நடத்தியும் அந்த எண் நம்மிடம் இல்லை!

ஆகவே சங்கத்தில் நாற்பது நோட்டு வாங்கியிருக்கிறோம். ஜீப்புக்கு ஒன்று. எத்தனை பேர், எந்தத் தோட்டம், என்ன கூலி, ஜீப் சத்தம் யார் கொடுத்தது, முன்பணம் எவ்வளவு என்று எழுத வேண்டும். மில் தோழர்கள் ஷிப்டையும், அப்ரண்டீஸ் என்ற பெயரில் ஓட்டுகிற நாளையும் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஜீப்புக்கு ஒருவராகப் பொறுப்பேற்கட்டும். ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயார், தம் ஜீப்பு நோட்டைத் தம் மகளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மீதி முப்பத்தொன்பது மேஜைமேல் இருக்கிறது. போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.