கல்லூரிப் பயிற்றுநர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கல்லூரியின் பெருமையைப் பேசத் தொடங்குவோர் முதலில் அதிபர்களின் பெயரைச் சொல்வர். அடுத்துப் புகழ்பெற்ற ஆசிரியர்களின் பெயரைச் சொல்வர். பிற்பகலில் மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பழக்கியவர் யார் என்ற வினா கடைசியாகவே எழும். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டத்தைக் காண நகரமே திரளும். நூறு ஓட்டங்களைக் குவித்தவர் பெயர் நெடுநாள் நினைவில் நிற்கும். அவருக்குத் துடுப்பைப் பிடிக்கப் பழக்கியவரோ, பகலில் கணிதம் கற்பித்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வரும் ஓர் ஆசிரியராகவோ, தம் அலுவல் முடிந்து வரும் ஒரு பழைய மாணவராகவோ இருப்பார். அன்பினாற் செய்யப்படும் இத்தொண்டு போற்றத்தக்கதே. ஆயினும் அதனை ஒருவரின் வாழ்நாட் பணியாக எண்ணும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை.

அமெரிக்க நாட்டிலே நிலைமை வேறு. அங்கே பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தலைமைப் பயிற்றுநரை நியமிக்கின்றன. இந்த ஏற்பாட்டை நேரிற் கண்டு பயன்பெற்ற யாழ்ப்பாணத்தவர் ஒருவர் உண்டு. அவரே பெரியவிளானிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952ஆம் ஆண்டு, பதினேழு வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாய்ந்த அவர், 1958இல் டோக்கியோ நகரில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அக்காலத்தில் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர். அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டுகளில், ஆடவர் டென்னிஸ் அணியின் தலைமைப் பயிற்றுநராக விளங்கியவர் ஜே. டி. மோர்கன். கல்லூரிப் பயிற்றுநர் என்பவர் யார், அவர் பணி எத்தகையது என்பதை விளக்க அவருடைய வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

மோர்கன் 1919இல் பிறந்தவர். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்து, அதன் டென்னிஸ் அணியிலே ஆடி, அணித் தலைவராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணியாற்றிய பின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, அதன் நிதி நிர்வாகப் பிரிவில் அமர்ந்தார். 1951இல் டென்னிஸ் அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. கணக்கேடும் பந்தாட்டமும் ஒருவரிடமே சேர்ந்தது நற்பேறாயிற்று. அளந்து செலவிடும் நிர்வாகியின் ஒழுங்கைக் களத்திலும் அவர் கைக்கொண்டார். 1952 முதல் 1965 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசியப் பட்டத்தை அவருடைய அணி ஏழு முறை வென்றது.

டென்னிஸ் தனி ஒருவர் ஆட்டம். அதற்கு அணி எதற்கு எனச் சிலர் ஐயுறலாம். அக்காலத்திலே இரு பல்கலைக்கழகங்கள் மோதும்போது ஆறு ஒற்றையர் ஆட்டங்களும் மூன்று இரட்டையர் ஆட்டங்களும் நடைபெறும். ஆறாவது இடத்தில் ஆடுபவரின் வெற்றியும் முதலாம் இடத்தவரின் வெற்றியும் ஒரே மதிப்புடையன. ஆகவே தலைசிறந்த ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்றுநர் வெல்ல இயலாது. கடைசி மாணவனையும் வளர்த்தெடுத்தல் வேண்டும். யாரை யாருடன் இணைப்பது, யாருக்கு உதவிப்பணம் வழங்குவது என்பனவும் அவர் தீர்மானிக்க வேண்டியவை. படிப்பிற் பின்தங்கிய மாணவனுக்குக் களத்தில் இறங்கும் உரிமை இல்லையாதலால், அவனுடைய பாடங்களிலும் அவர் கண் வைத்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு துன்பமும் உண்டு. நான்கு ஆண்டுகள் பாடுபட்டு ஒருவனை உருவாக்கினால், ஐந்தாம் ஆண்டில் அவன் பட்டம் பெற்றுப் போய்விடுவான். பயிற்றுநர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது ஆசிரியத் தொழிலின் இயல்பேயன்றி வேறில்லை.

மோர்கனின் ஆசிரியப் பண்பு சோதனைக்குள்ளான காலம் 1961இற் பிறந்தது. அவ்வாண்டில் அவர் அளித்த உதவிப்பணத்தைப் பெற்று ஆதர் ஆஷ் என்னும் கறுப்பின இளைஞர் வந்து சேர்ந்தார். ஆஷ் பிறந்து வளர்ந்த ரிச்மண்ட் நகரிலே வெள்ளையருக்கெனக் கட்டப்பட்ட டென்னிஸ் களங்களில் அவர் கால் வைக்கவும் இடமிருக்கவில்லை. கலிபோர்னியாவில் அத்தகைய சட்டம் கிடையாது. ஆனால் வழக்கம் இருந்தது. முதலாம் ஆண்டிலேயே, அப்பகுதிக் கழகம் ஒன்று நடத்திய சுற்றுப்போட்டிக்குப் பல்கலைக்கழக வீரர் அழைக்கப்பட்டனர், ஆஷ் அழைக்கப்படவில்லை. மோர்கன் அதனை மறைக்கவில்லை. மாணவரை அழைத்து நடந்ததைக் கூறினார். இப்போதே இதனைப் பெரும் பிரச்சினையாக்கலாம், அல்லது பொறுத்திருந்து ஏற்ற வேளையிற் போராடலாம் என இரு வழிகளையும் எடுத்துக் காட்டி, முடிவை அவரிடமே விட்டார். ஆஷ் அப்போது பொறுத்திருக்கத் துணிந்தார்.

மூத்தவர் ஒருவர் தாமே முன்னின்று எதிர்த்திருக்க வேண்டாவோ என்று இன்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. பதினெட்டு வயது இளைஞரின் தோளில் அத்தனை பாரத்தை வைத்தது எளிதான செயலன்று. எனினும், உண்மையை மறைத்து மாணவனைக் காப்பதாக எண்ணும் ஆசிரியர் பலர் உள்ள உலகில், அவனை முதிர்ந்த மனிதனாக மதித்து முகத்துக்கு நேரே பேசியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1965இல் ஆஷ் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவருடைய அணியும் தேசியப் பட்டத்தை வென்றது. மறு ஆண்டு வணிக நிர்வாகத்திற் பட்டம் பெற்றார். 1968இல் அமெரிக்கப் பகிரங்கப் பட்டமும் 1975இல் விம்பிள்டன் பட்டமும் அவர் கைக்கு வந்தன. பின்னாளில் தென்னாபிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து, 1985இல் வாஷிங்டனிற் கைதாகவும் அவர் தயங்கவில்லை. பொறுத்திருந்தவர் மறந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1963இற் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை முழுவதற்கும் மோர்கன் பணிப்பாளரானார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் ஜோன் வூடன் பத்துத் தேசியப் பட்டங்களை வென்றது மோர்கனின் பணிப்பாளர் காலத்திலேயே. டென்னிஸ் அணியை 1966வரை தம் கையில் வைத்திருந்து, பின் கிளென் பசற் என்பவரிடம் ஒப்படைத்தார். மோர்கன் 1980இற் காலமானார். இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மோர்கனுக்கு முன் அணியை வழிநடத்தியவர் பில் அக்கர்மன். அவர் 1921இற் பொறுப்பேற்றவர். பசற்றுக்குப் பின் வந்தவர் பில்லி மார்ட்டின். மோர்கன், பசற், மார்ட்டின் ஆகிய மூவரும் அதே அணியில் ஆடி வளர்ந்தவர்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நான்கே பயிற்றுநர்! குருவிடமிருந்து சீடருக்குக் கைமாறிய மரபு என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இம்மரபு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. தாம் விளையாடிய மைதானத்துக்கே திரும்பி வந்து தம்பிமாரைப் பழக்கும் பழைய மாணவர் இங்கு என்றும் இருந்துள்ளனர். நெடிய போர்க்காலத்தின் இடர்களுக்கிடையிலும் அவர்கள் அறவே இல்லாது போகவில்லை. இங்கு குறைவாயிருப்பது பற்றன்று. அந்தப் பற்றுக்கு உரிய இடமே. பயிற்றுநருக்கு நிலையான பதவியும், உரிய ஊதியமும், ஆசிரியர் கூட்டத்தில் ஓர் இருக்கையும் இருந்தால், மாணவனின் பாடத்தையும் பந்தையும் ஒருங்கே கவனிக்க அவரால் இயலும். படிப்பா விளையாட்டா எனப் பெற்றோர் படும் கவலையும் பெருமளவு தணியும்.

அக்கவலை வீண் என்பதற்கு எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கையே போதும். பதக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வித்துறையிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 2024இல் அவர் மறைந்தபோது, பாய்ச்சல் வீரர் என்றும் கல்விமான் என்றும் அவரை யாழ்ப்பாணம் நினைவுகூர்ந்தது. அவரைப் போன்ற பிள்ளைகள் இன்றும் பெரியவிளானிலும் வட்டுக்கோட்டையிலும் பருத்தித்துறையிலும் இருப்பர். மாலையில் அவர்களுக்காகக் காத்திருக்கும் ஆசானைக் கல்லூரிகள் நியமித்து வைத்தல் வேண்டும்.